ஒட்டு அறைப் பால்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் இடம் தானே வரும். ஒரு கதை சொல்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு டம்ளர் பாலும், அதை ஆசையாகக் கொடுத்த ஒரு பெண்ணும்தான். அழ வைக்கிற கதையா என்று கேட்காதீர்கள். இதில் வருகிறவர்களே அதிகம் அழவில்லை.

ஒரு செருப்புக் கம்பெனி. தகரக் கூரையின் கீழ் வரிசையாக நாலு அறை. முதல் அறையில் வெட்டுவார்கள், இரண்டாவதில் தைப்பார்கள், மூன்றாவதில் ஒட்டுவார்கள், நாலாவதில் பெட்டியில் போட்டு அடுக்குவார்கள். அந்தக் கடைசி அறைக்குப் பேக்கிங் என்று பேர். நம் கதை மூன்றாவது அறையில்.

அந்த அறையில் பதினாறு பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு டப்பாவில் பசை, ஒரு பிரஷ். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பேர். செருப்பின் மேல்பாகத்தில் ஒரு தடவு, அடிப்பாகத்தில் ஒரு தடவு, பத்து நிமிடம் காயவிட்டு இரண்டையும் சேர்த்து ஓர் அழுத்து. பசை கெட்டியானால் கொஞ்சம் தின்னர் ஊற்றிக் கலக்குவார்கள். வழிந்த பசையைத் துடைக்கவும் தின்னர்தான், வேலை முடிந்து கை கழுவவும் தின்னர்தான். ஜன்னல் இரண்டு உண்டு. இரண்டையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஈரப் பசையில் தூசி விழுந்தால் செருப்பு வாயைப் பிளந்துவிடுமாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும். அப்புறம் பழகிவிடும். "வீட்ல குடிகாரனைத் திட்டிட்டு வந்து, இங்க நாம ஓசியில ஏத்திக்கிறோம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

தினம் பதினோரு மணிக்குப் பால் வரும். ஒட்டு அறைக்கு மட்டும், ஆளுக்கு ஒரு டம்ளர். உள்ளே போன நெடியைப் பால் கழுவிவிடும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. யாரும் ஏமாற்றுவதற்காகச் சொன்னதில்லை. மேனேஜரே தலைவலி வந்தால் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பார். பேக்கிங் பெண்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். "மகாராணிங்களுக்குப் பால் வந்தாச்சு, நாம அட்டைப் பெட்டியை மோந்து பார்ப்போம்" என்பார்கள்.

ஒட்டு அறைக்கு மேஸ்திரியாக ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு மூக்கக்கா என்று பேர் விழுந்திருந்தது. மூக்கு பெரியது என்பதால் இல்லை. புதுப் பசைப் பீப்பாய் வந்தால் மூடியைத் திறந்ததும் அவள்தான் குனிந்து முகத்தை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுப்பாள். "இதுல தின்னர் தூக்கல், ஒட்டு நிக்காது" என்று அவள் சொன்னால் பீப்பாய் திரும்பிப் போகும். "இது நல்லா இருக்கு, இனிக்குது" என்றால் டப்பாக்களுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷம் அப்படி. அவள் மூக்கு வைக்காத பீப்பாயை மேனேஜர் திறக்கவிட மாட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அவளுக்குச் சொந்தம் என்றால் ஒரு தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் வளர்த்த தம்பி. அவனுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவனுக்கு வழி பிறந்தது, சரக்கு வேன் ஓட்டினான், கல்யாணமும் ஆனது. இவள் தன் பக்கம் திரும்பிப் பார்த்தபோது தலை நரைத்திருந்தது. அதற்காக அவள் முகம் சுளித்ததாக யாரும் சொன்னதில்லை. தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்று கூப்பிட்டாள், பேக்கிங்கில் வேலை வாங்கிக் கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே சமையல் கட்டில் சாப்பிட்டார்கள்.

சின்னவளுக்கு இரண்டு முறை கரு நின்றது, இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது கலைந்த பிறகு கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்விட்டது. பேக்கிங்கில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. மூக்கக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒட்டு அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. தினம் பாலும் உண்டு. உடம்பு தேறட்டும், அப்புறம் வயிறு தானே திறக்கும்.

யாரிடமும் கேட்கவில்லை. எந்த முக்காலியில் யார் என்பது அவள் கையில் இருந்தது. நீண்ட லீவில் போன ஒருத்தியின் இடத்தில் சின்னவளை உட்கார வைத்தாள், அந்தப் பேரிலேயே பாலும் வாங்கினாள். சின்னவளின் வேலை அட்டையில் பேக்கிங் என்றே இருந்தது. சின்ன விஷயம், யார் பார்க்கப் போகிறார்கள்? அது போதாதென்று தன் டம்ளரையும் அவள் பக்கம் நகர்த்துவாள். வயிறு மந்தமாக இருக்கிறது, நீயே குடி என்பாள். தினமும் ஒரு மனுஷிக்கு வயிறு மந்தமாகுமா? பக்கத்து முக்காலியில் ஒரு வாயாடி உண்டு. அவள் அறைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"விஷம் வெக்கிற நாத்தனாரைத்தான் கேள்விப்பட்டிருக்கோம். பால் ஊட்டுற நாத்தனாரை இப்பத்தான்டி பாக்கறோம்."

பதினாறு பேரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். மேலுதட்டில் பால் கோடு அப்படியே இருந்தது.

ஒட்டு அறைக்கு வந்த நாலாவது மாதம் நாள் தள்ளியது. கன்னம் தெளிந்தது. மூன்றாம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதம் தாண்டியது. எல்லாரும் பாலுக்குத்தான் நன்றி சொன்னார்கள். வயிற்றுக்குள் படம் எடுத்துப் பார்க்கச் சொன்ன நாள் வேலை நாளாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறாள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பெண் குழந்தை. முகம் தெளிவாக இருந்தது, அழுகை பலமாக இருந்தது. முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தோல் மூடாமல் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பை போல் வெளியே வந்திருந்தது. இரண்டாம் நாளே அறுத்துத் தைத்தார்கள். தலையில் நீர் சேராமல் இருக்க ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். குழந்தை பிழைத்தது. கால் இரண்டும் அழகாக இருந்தன, விரலெல்லாம் எண்ணி வைத்தாற்போல் இருந்தன. உதைக்கவில்லை. இனியும் உதைக்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சொன்னபோது தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து, வேனை எங்கே நிறுத்தினோம் என்று அக்காவைக் கேட்டான்.

குழந்தைக்குச் சிட்டு என்று பேர் வந்தது. கை இரண்டும் ஓயாது, எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கும்.

சின்னவளின் அம்மா ஒரு பையோடு வந்து அங்கேயே தங்கிவிட்டாள். வந்த மூன்றாம் நாள் தொடங்கினாள். எங்கள் பக்கம் ஏழு பெற்றவர்கள் உண்டு, ஒன்பது பெற்றவர்கள் உண்டு, ஒன்றுகூட இப்படி இல்லை என்று விரல் மடக்கி எண்ணினாள். மூக்கக்கா விடுவாளா? தன் பக்கத்துக்கு அவளும் மடக்கினாள். இருந்த விரல்கள் போதவில்லை. தம்பி நடுவில் வந்து நின்றான்.

"வம்சத்தை அப்புறம் எண்ணுங்க. பிள்ளைக்கு மாத்துத் துணி எங்க?"

அப்படியே ஒரு வருஷம் போனது. பெரிய ஆஸ்பத்திரியில், வம்ச வழியில் வரும் கோளாறுகளைப் பார்க்க ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் அனுப்பினார்கள், மூக்கக்காவும் கூடப் போனாள். அவர் ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று கோடு இழுத்துக்கொண்டே போனார். யார் சின்ன வயதில் போனார்கள், யாருக்குப் பிள்ளை தங்கவில்லை, சொந்தத்தில் கட்டியவர்கள் உண்டா என்று கேட்டார். சிட்டு பசியில் அழுதது, சின்னவள் வெளியே தூக்கிக்கொண்டு போனாள். அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குழந்தையின் அம்மா என்ன வேலை செய்தார்?

செருப்புக் கம்பெனியில் என்று தம்பி சொன்னான். அவனுக்கு அதற்கு மேல் தெரியாது. டாக்டர் பேனாவோடு மூக்கக்காவைப் பார்த்தார். கம்பெனியில் என்ன வேலை?

அட்டையில் இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. இல்லாத ஒருத்தி பேரில் வாங்கிய பால் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போனால் என்று ஒரு நொடி நினைத்தாள். அவ்வளவுதான், வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

"பேக்கிங்மா. பெட்டியில போட்டு அடுக்குற வேலை."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

தம்பி, சின்னவள், சிட்டு மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு பக்கத்து வம்ச வழியிலும் வந்ததாக ஒன்றும் தெரியவில்லை. சின்னவளின் அம்மா, நான்தான் சொன்னேனே என்றாள். மூக்கக்காவும் அதையே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு வம்சமும் தப்பித்தன. பழி மட்டும் இறங்க இடமில்லாமல் நின்றது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் நடந்தது. மேசையிலிருந்து சிட்டுவின் ஃபைலை எடுக்கக் கை நீட்டினாள் மூக்கக்கா. ரவிக்கைக் கைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்ததை டாக்டர் பார்த்தார். எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்றார். இடிக்கவில்லை, கொஞ்ச நாளாகத் தானே வருகிறது என்றாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வாங்குகிறது. வயதுதானே? எதற்கும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர்.

ரத்தத்துக்குப் பிறகு இடுப்பு எலும்பில் ஊசி. அதற்குப் பிறகு ஒரு நாள், தனியாக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரத்த டாக்டரும் இந்த டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாதான் சொன்னார், ஒரு படத்தைக் காட்டி. குரோமோசோம் என்று பேராம், புழுக்கள் போல ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தது.

"பிறக்கும்போது உங்க உடம்பு சரியாத்தாம்மா இருந்திருக்கு. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துல மட்டும் இது உடைஞ்சிருக்கு. இங்க பாருங்க, இந்த ஜோடியில ஒண்ணையே காணோம். இது வம்சத்துல வந்தது இல்ல. இருந்த இடத்துல வந்தது. என்ன வேலை செய்றீங்க?"

சொன்னாள். பீப்பாயைப் பற்றிச் சொன்னாள், முகத்தை உள்ளே விடுவதைப் பற்றிச் சொன்னாள். வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். இனிப்பாக இருக்கும் என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாதிரிப் பசையிலும் தின்னரிலும் சில சமயம் ரத்தத்தைக் கெடுக்கிற சரக்கு கலந்திருக்கும், மூடிய அறையில் வருஷக்கணக்காக மூச்சிழுத்தால் எலும்பு வரைக்கும் போகும் என்று விளக்கினார். இந்த நோவு ரத்தப் புற்றுநோயாகத் திரும்பக் கூடியது, திரும்பாமல் பார்ப்போம் என்று ரத்த டாக்டர் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

மூக்கக்கா கேட்டது ஒரே கேள்வி. பால் குடித்தால் சரியாகாதா?

"பால் நல்லதுதான். ஆனா இதுக்கு அது ஒண்ணும் பண்ணாது."

பிறகு டாக்டரம்மா அவராகவே கேட்டார், அங்கே பிள்ளை பெறுகிற வயதில் பெண்கள் இருக்கிறார்களா என்று. வயிற்றில் பிள்ளையின் முதுகு மூடிக்கொள்வது முதல் மாதத்திலேயே முடிந்துவிடுமாம். நின்றிருக்கிறது என்று தாய்க்கே தெரிவதற்கு முன்னால். அந்த நாட்களில் இந்த நெடி உள்ளே போவது நல்லதில்லை. ஒரு குழந்தையைக் காட்டி, இதனால்தான் இப்படி என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, வேறு காரணங்களும் உண்டு என்றார். ஆனால் தன் கூடப் பிறந்தவளாக இருந்தால் அங்கே ஒரு நாள்கூட உட்கார விடமாட்டேன் என்றார்.

"உங்க தம்பி மனைவி பேக்கிங்தானே?"

"ஆமாம்மா. இப்ப வேலைக்கே வர்றதில்ல, வீட்லதான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். மூன்று பஸ் போயின. நாலாவதில் ஏறினாள். இறங்கி ஒரு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வெங்காயம் வீட்டில் இருந்தது.

வீட்டில் ரத்தம் குறைவு என்று மட்டும் சொன்னாள். மேனேஜரிடம் போய்ப் பசை சரியில்லை, மாற்றச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறங்கள் என்றாள். அவர் நல்ல மனிதர்தான். ஊரெல்லாம் இதே பசைதானே அக்கா, உங்கள் மூக்குக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தார். அவள் பீப்பாயில் குனிவதை விட்டாள். கல்யாணம் ஆகிப் புதிதாக வந்த இரண்டு பெண்களை, உனக்குக் கை நடுங்குகிறது, உனக்கு வேகம் போதாது என்று ஏதாவது சொல்லித் தையலுக்குத் தள்ளினாள். பால் போயிற்றே என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். மூக்கக்காவுக்கு வரவரக் குணம் கெட்டுப் போச்சு என்று வாயாடி சொன்னாள்.

ஒன்றும் தோன்றாமலே வேலைக்குப் போனாள், வந்தாள். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் இருக்கும், தரை தெரியாது. சின்னவள்தான் இப்போது அங்கே இல்லையே, நடந்தது நடந்துவிட்டது, சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய்ப் படுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டாள். சிட்டுவுக்கு அவள் மேல் உயிர், வீட்டுக்குள் நுழைந்தவுடன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும்.

சிட்டுவுக்கு இரண்டு வயது முடிந்தது. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று சின்னவள் நினைத்தாள். தப்பா அது? டாக்டரம்மா அதற்கு முன்னாடியே போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார். தினம் தவறாமல் போட்டாள். அம்மா சிட்டுவைப் பார்த்துக்கொள்வாள், நான் பழையபடி வேலைக்கு வருகிறேன், ஆனால் பேக்கிங் வேண்டாம், அந்த முக்காலியே கொடுங்கள் என்று கேட்டாள். மாத்திரையோடு பாலும் சேர்ந்தால் இந்த முறை உடம்பு இன்னும் கெட்டியாக இருக்குமாம்.

மூக்கக்கா கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முக்காலி காலி இல்லை என்றாள். இரண்டு காலியாக இருந்தது சின்னவளுக்கும் தெரியும், வாயாடி சொல்லியிருந்தாள். பிறகு, புது ஆள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு என்றாள். பிறகு, பேக்கிங்கில் இப்போது நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றாள். போடவில்லை. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய். ஒரு வாரம் இப்படி ஓடியது. கடைசியில் சின்னவள் சமையல் கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன் அக்கா. முதல் தடவை நீங்களாத்தானே கூப்பிட்டு உட்கார வெச்சீங்க? இப்ப என்ன, சிட்டு இப்படிப் பொறந்ததுல நான் ராசியில்லாதவளா ஆயிட்டேனா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"வேற எப்படி?"

மூக்கக்கா குனிந்து அடுப்பைத் தணித்தாள். சொன்னால் தம்பி வீடு போய்விடும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். சொல்லாவிட்டால் இன்னொரு பிள்ளையின் முதுகு. தராசில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், எந்தப் பக்கம் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் தினமும் படுத்தாள்.

ரத்தம் ஏற்றுகிற நாள் வந்தது. அந்த முறை காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் காலையில் அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனாள். பதினொன்றரை மணி இருக்கும். ஒட்டு அறைக்குள் நுழைந்தாள். ஜன்னலோரத்து முக்காலியில் சின்னவள் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி டம்ளர்.

"வாங்க அக்கா. மேனேஜரே உட்காரச் சொல்லிட்டாரு, மூக்கக்கா வீட்டு ஆள்தானேன்னு. கோச்சுக்காதீங்க."

"எந்திரி."

"பத்து ஜோடி காயப் போட்டிருக்கேன்கா."

"எந்திரின்னு சொல்றேன்ல. எத்தனை நாளா?"

"மூணு நாளா. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"நாள் தள்ளியிருக்கா?"

பிரஷ்கள் எல்லாம் நின்றன. அத்தனை பேர் முன்னால் கேட்கிற கேள்வியா அது? சின்னவளுக்கு முகம் சிவந்தது. இல்லை, நேற்றுத்தான் தலைக்குக் குளித்தேன் என்று மெல்லச் சொன்னாள். மூக்கக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பிப் பின்பக்கம், வெட்டவெளியில் காலிப் பீப்பாய்கள் கிடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது, முதல் மாதத்தில் முதுகு மூடுவது, சத்தியம் பண்ண முடியாது என்று அவர் சொன்னதையும் மறைக்காமல், தன் ரத்தம், எலும்பு, காணாமல் போன ஒன்று. வரிசை மாறி மாறி வந்தது. பசை காய்கிற நேரம் பிடித்தது. முடிவில் சொன்னாள்:

"உன்னை இங்க உட்கார வெச்சது நான். டாக்டர் கேட்டப்ப பேக்கிங்னு பொய் சொன்னதும் நான்தான்."

சின்னவள் பீப்பாய் விளிம்பைப் பிடித்திருந்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"பத்து மாசமா."

"பத்து மாசம்" என்றாள் சின்னவள். "ஒரு பிள்ளையே பெத்திருக்கலாம்."

சின்னவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்தப் பாலில் ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். இல்லை, பால் வெறும் பால்தான் என்று பதில் வந்தது.

"உங்க டம்ளரையும் எனக்குத்தானே கொடுத்தீங்க."

அது குற்றச்சாட்டா, வேறு ஏதாவதா என்று குரலிலிருந்து தெரியவில்லை. ஆமாம் என்றாள் மூக்கக்கா. அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. சின்னவள் அடிக்கவில்லை. நாளைக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், எழுதியிருப்பதை மாற்ற வேண்டும் என்றாள். பேசியதெல்லாம் அவ்வளவுதான். குழாயடியில் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

பிறகு ஒட்டு அறைக்குள் போய்ச் சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை, கடைச்சாமான் பட்டியல் வாசிப்பது போலச் சொன்னாள். பிள்ளை வேண்டும் என்று இருக்கிறவர்கள் எழுந்துகொள்ளுங்கள், பால் ஒன்றும் கழுவாது. இரண்டு பேர் உடனே எழுந்தார்கள். ஒருத்தி பாதி எழுந்து உட்கார்ந்தாள். வாயாடி கேட்டாள்:

"எனக்கு அம்பதாச்சு. இனி எனக்கென்னடி பயம்?"

மூக்கக்கா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தோளிலிருந்து முழங்கை வரை நீலமும் மஞ்சளுமாக இருந்தது.

"எனக்கும் அம்பதுதான்."

வாயாடி தன் பசை டப்பாவை மூடினாள்.

மறுநாள் டாக்டரம்மா பழைய தாளை எடுத்தார். பேக்கிங் என்று இருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். முதலிலேயே சொல்லியிருந்தால் என்று தொடங்கி, மூக்கக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்னவளிடம், மூன்று நாள்தான், அப்போது கருவும் நிற்கவில்லை, பயப்பட வேண்டாம், அந்தக் கூரைக்குக் கீழேயே இனி போகாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள், இன்னும் மூன்று மாதம் பொறுங்கள் என்றார். கம்பெனிகளைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். ஆட்கள் வந்து காற்றை ஒரு குழாயில் பிடித்துக்கொண்டு போனார்கள். பசை மாறியது, ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தூசி விழுகிறது என்று ஒரு ஜன்னலை மறுபடி மூடினார்கள். பதினோரு மணிக்குப் பால் இப்போதும் வருகிறதாம். குடிக்கிறவர்கள் குடிக்கிறார்கள்.

அந்த வீட்டில் யாரும் மூக்கக்காவைப் போ என்று சொல்லவில்லை. சின்னவள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள். அக்கா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. தம்பியிடம், உங்க அக்கா வந்துட்டாங்க, உங்க அக்காவுக்கு மாத்திரை நேரம் என்பாள். இருபது நாள் பார்த்துவிட்டு மூக்கக்கா அடுத்த தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். தம்பிதான் பெட்டியை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினான். சின்னவள் சொல்லி அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இறக்கிவிட்டு, பல்பு எரிகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வருவான். சின்னவள் வருவதில்லை. வேறு இடத்தில், துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஒன்பது மாதம் அப்படிப் போனது. மூக்கக்காவுக்கு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினார்கள். ஒரு நாள் ஏறிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்தான். வேலை நேரத்தில் வரமாட்டான், அன்றைக்கு வந்தான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தொங்குகிற பையைப் பார்த்தான். இன்னும் பாதி இருக்குதே என்றான். ஆமாம் என்றாள்.

"இன்னைக்குப் படம் எடுத்தாங்க அக்கா. அஞ்சு மாசம்."

அவளுக்கு ஐந்து மாதம் என்பதே அப்போதுதான் தெரியும். யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"முதுகு மூடியிருக்காம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அவதான் போய்ச் சொல்லச் சொன்னா."

அதற்கும் ஆட்டினாள். டீ வேண்டுமா என்று கேட்டான். வாங்கி வா என்றாள். அவன் படியிறங்கிப் போனான். அவள் சந்தோஷப்பட்டாளா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது கண்ணுகளா. கண்ணை மூடினாள், டீ ஆறிப்போகும் வரைக்கும் திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ரத்தம் ஏறும்போது அவ்வளவு நேரம் அவள் தூங்கியதில்லை என்று மட்டும் அந்த வார்டு நர்ஸ் சொன்னாள்.

இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போர்வையை உதைத்து உதைத்துத் தள்ளட்டும், நீங்கள் அலுத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் போர்த்திவிடுங்கள். உங்கள் பெண்கள் வேலைக்கு உட்காரும் இடத்தில் ஜன்னல் இருக்கட்டும், அது திறக்கவும் திறக்கட்டும். உங்கள் மேல் ஆசை வைத்தவர்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்கிற தைரியம் வரட்டும். சொல்ல வந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் உட்கார ஓர் இடம் இருக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.